கன்னி மூலை அறையும் கரண்ட் பில்லும்

ஏப்ரலில் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் ரோட்டை விட்டு 3 கிலோமீட்டர் உள்ளே, 8 செண்டில் ஆசையாகக் கட்டிய கான்கிரீட் வீடு. குமரி மாவட்டத்தில் யார் வீடு கட்டினாலும் பெரிய படுக்கையறை கன்னி மூலையில்தான் வரும், அதாவது தென்மேற்கு. மத்தியானத்துக்குப் பிறகு வெயில் வந்து விழுகிற மூலையும் அதுதான். சுவரும் தளமும் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு நாம் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே விடுகின்றன. அப்புறம் ஏசி போடாமல் எப்படித் தூங்குவது?

ஆச்சி வீடு இன்னும் இருக்கிறது, மெயின் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில். சரிந்த ஓட்டுக்கூரை, சுவரில் வெயிலே படாதபடி நீட்டி இறக்கிய தாழ்வாரம், ஓட்டு இடுக்கு வழியே மேலே போய்விடுகிற சூடு. தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். ஆச்சி வீட்டில் 2 மாதத்துக்கு 90 யூனிட், இலவசமாகக் கிடைக்கும் 100-க்குள் அடங்கிவிடும். எங்களுக்குக் கோடையில் 620. நம் நாட்டுக் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 430 கிலோவுக்கு மேல். எல்லா பல்பையும் எல்இடி ஆக்கினேன், பில்லில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆச்சி வீட்டில் இப்போது இருக்கும் சித்தப்பா குடும்பம் எங்களைவிடச் சிக்கனமானது கிடையாது, டிவி நாள் முழுக்க ஓடும்.

இன்னொன்று தூரம். விலை குறைவு என்று உள்ளே தள்ளி மனை வாங்கினோம், இப்போது பால் வாங்கக்கூட ஸ்கூட்டர் எடுக்க வேண்டியிருக்கிறது. மாதம் 40 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சித்தப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய் மீன் வாங்கி வருகிறார்.

இதையெல்லாம் எழுதக் காரணம் தங்கை வீட்டு வேலை தொடங்கப்போகிறது என்பதுதான். மனை ரோட்டோரம், அந்த மட்டும் நிம்மதி. கன்னி மூலையை மாற்றலாமா என்று கேட்டேன், "அதில மட்டும் கை வைக்காதீங்க மச்சான்" என்றார் தங்கை கணவர். சரி, சுவரையாவது மாற்றுவோம் என்று மேஸ்திரியிடம் 'ராட் ட்ராப்' கட்டுமானம் பற்றிச் சொன்னேன். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், உள்ளே நிற்கும் காற்று சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஏழைகளுக்கும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார், 2007-ல் காலமாகும் வரை இந்த முறையை விடவே இல்லை. மேஸ்திரி நம்பவில்லை. "உள்ள பொள்ளலா இருந்தா நிக்குமா பிள்ளே?"

போன ஞாயிற்றுக்கிழமை அவரையும் மச்சானையும் பஸ்ஸில் திருவனந்தபுரம் தம்பானூருக்குக் கூட்டிப்போய், பேக்கர் கட்டிய காபி ஹவுஸில் உட்காரவைத்தேன். சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் கட்டடம், சுவர் நெடுக ஓட்டை ஓட்டையாக விட்டு அதன் வழியே காற்று. மேஸ்திரி காபியை ஆறவிட்டு எழுந்துபோய் ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுக் கல்லின் கனம் பார்த்தார். திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார், மேற்குச் சுவருக்கு மட்டும் முதலில் கட்டிப் பார்க்கலாமா என்று.