எருசலேம் விடுதி அறையில் புளிப்பில்லாத அப்பம்

காலை உணவு மேசையில் ரொட்டியைக் காணோம். பாலாடைக்கட்டி நாலைந்து தினுசு, ஒலிவக்காய், வெள்ளரி, தக்காளி, அவித்த முட்டை எல்லாம் இருந்தன. ரொட்டிக் கூடை இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக, அங்கங்கே கருகிய புள்ளிகளோடு மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏல, இது என்ன, சுட்ட அப்பளமா?"

"இதுதாம்மா புளிப்பில்லாத அப்பம்."

அம்மா பதில் பேசவில்லை. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வேதத்தின் யாத்திராகமப் புத்தகத்தைச் சொல்லிக்கொடுத்தவள். எத்தனை நூறு முறை அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள்! பொருளை அன்றுதான் கையில் தொடுகிறாள்.

2018இல் பெரிய வெள்ளியும், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகை தொடங்கும் மாலையும் மார்ச் 30ஆம் தேதி ஒரே நாளில் வந்தன. புனிதப் பயணக் குழுவோடு நாங்கள் வந்த வழியும் அப்படி அமைந்துவிட்டது. கெய்ரோவிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, சூயஸ் கால்வாய்க்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதையில் நுழைந்து, சீனாய் வனாந்தரம் தாண்டி, தாபா எல்லையில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இஸ்ரேலுக்குள் நடந்து வந்தோம். அன்று எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலருக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதன் நினைவுதான் இந்த அப்பம். மாவும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு முடித்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் புளித்த மாவு என்று தள்ளிவிடுவார்கள். தோசைமாவு பொங்கட்டும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருக்கிற ஊரிலிருந்து போன எனக்கு அந்த 18 நிமிஷம் பெரிய ஆச்சரியம். சுடும்போது உப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அதில் வரிசை வரிசையாகத் துளைகள். அந்த வரிசையோடு உடைத்தால் நேராக உடையும். குறுக்கே உடைத்தால் மடியெல்லாம் துகள்.

அங்கே மாட்ஸா என்கிறார்கள். வெறுமனே தின்றால் சப்பென்றுதான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. உப்புகூடக் கிடையாது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாலை நாலு மணிக்கு ஏதாவது வாயில் போடாவிட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். மற்ற ஊர்களில் வழியில் ஒரு ரொட்டிக்கடை கிடைத்துவிடும். மேற்கு எருசலேமில் பஸ்காவின் ஏழு நாளும் அது நடக்காது, புளித்த மாவுப் பண்டம் எதையும் யூதர்கள் தொடுவதில்லை. பல்பொருள் அங்காடியில் பிஸ்கட், மாவு, பாஸ்தா இருக்கும் அடுக்குகள் முழுக்க வெள்ளைத் தாள் போர்த்தி மூடியிருந்தார்கள். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம் குழுவுக்கு ஓய்வு. அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு, யோப்பா சாலையில் ஓடும் டிராமில் ஏறி மகானே யெகுதா சந்தைக்குப் போனேன்.

விரல் நீள வெள்ளரிப் பிஞ்சு, தக்காளி, கொட்டை எடுத்த கறுப்பு ஒலிவக்காய், எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஒரு சின்னப் போத்தல், லப்னே ஒரு டப்பா. லப்னே என்பது வேறொன்றுமில்லை. உப்புப் போட்ட தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டி. கொண்டைக்கடலையை அரைத்த ஹும்முஸும் அடுக்கில் இருந்தது. ஐரோப்பிய வழி வந்த யூதர்களில் பலர் இந்த வாரம் பயறு, அரிசி எதையும் தொடுவதில்லை. வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவிலிருந்து வந்த குடும்பங்கள் பெரும்பாலும் சாப்பிடுகின்றன. நான் எடுக்காததற்குக் காரணம் வேறு. வறண்ட மாட்ஸாவோடு ஹும்முஸ் சேர்ந்தால் வாயில் மாவாக ஒட்டுகிறது. அதற்குப் புளிப்புதான் துணை.

ஸாத்தர் பொடி முந்தின நாளே பழைய நகரின் தமஸ்கு வாசலுக்கு உள்ளே ஒரு கடையில் வாங்கியிருந்தேன். ஸாத்தர் என்ற செடியின் காய்ந்த இலை, வறுத்த எள், சுமாக் என்ற சிவந்த புளிப்புக்காயின் தூள், உப்பு. மூடியைத் திறந்தால் நம் வீட்டுக் கற்பூரவள்ளியையும் ஓமத்தையும் சேர்த்துக் கசக்கிய மணம்.

அறையில் அடுப்பு கிடையாது, தேவையுமில்லை. தேநீர்த் தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டேன். தக்காளியை விதையும் நீரும் வழித்தெறிந்துவிட்டுப் பொடியாக நறுக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஐந்தே நிமிஷத்தில் மாட்ஸா நமுத்துப் போகும். வெள்ளரியும் அதே அளவு. இரண்டிலும் எலுமிச்சை பிழிந்து கலந்து தனியே வைத்தேன். மாட்ஸாவை நான்காக உடைத்து, முதலில் லப்னேயை ஓரம்வரை தடவினேன். அந்தக் கொழுப்புப் பூச்சுதான் ஈரம் இறங்காமல் தடுக்கிறது. அதன்மேல் ஸாத்தர் தாராளமாக, பிறகு காய், இரண்டாகக் கீறிய ஒலிவம், கடைசியில் எண்ணெய் ஒரு சுற்று. பத்து நிமிஷ வேலை. உப்பு போடவே கூடாது. லப்னே, ஒலிவம், ஸாத்தர் மூன்றிலும் இருக்கிறது.

அம்மா முதல் துண்டைக் கடித்தாள். அறை முழுக்கக் கேட்டது.

"இந்தப் பச்சைப் பொடி என்னல?"

சொன்னேன். அந்தச் செடியைத்தான் வேதத்தில் வரும் ஈசோப்பு என்று தாவர ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். 'ஈசோப்பினால் என்னைச் சுத்திகரியும்' என்று வரும் 51ஆம் சங்கீதத்தைத் தினமும் படிக்கிறவளுக்கு ஈசோப்பு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்கா இரவில் வாசல் நிலைக்கால்களில் இரத்தம் தெளித்ததும் ஈசோப்புக் கொழுந்தால்தான்.

"அப்ப ரெண்டும் ஒரே ராத்திரிச் சாமான்" என்றாள் மெதுவாக. தட்டில் சிந்தியிருந்த பொடியை விரலால் ஒற்றி எடுத்து மோந்து பார்த்தாள். "இத்தன வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிருக்கேன். வாசன என்னன்னு ஒருத்தியும் கேக்கல. நானும் நினைச்சுப் பாக்கல."

அடுத்த மூன்று நாளும் நாலு மணிக்கு இதுதான். கலிலேயாவுக்குப் போகும் பேருந்தில் மடிமேல் துண்டு விரித்து நானே தடவிக் கொடுத்தேன். பின்னிருக்கை மதினிமார் இரண்டு பேரும் கை நீட்டினார்கள். ஓடும் வண்டியில் காய் நறுக்க முடியாது. லப்னேயும் ஸாத்தரும் மட்டும். சொல்லப்போனால் அதுவே எனக்கு அதிகம் பிடித்தது.

மாட்ஸாப் பெட்டியில் ஆறு தகடு மிஞ்சியது. அம்மா அதைப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்துப் பாளையங்கோட்டைவரை கொண்டுவந்தாள். பிரித்தபோது இரண்டு நொறுங்கியிருந்தன. நொறுங்கியதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, முழுசாக இருந்த நாலையும் ஸாத்தர் டப்பாவையும் அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பாடசாலைக்கு எடுத்துப் போனாள்.