போலோவா, புன்டோவா?

அண்ணனிடம் ஃபோக்ஸ்வாகன் போலோ கார், என்னிடம் ஃபியட் புன்டோ. நேற்று வண்டியை மாற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை போய் வந்தோம்.

போலோ அருமையான வண்டி. கதவைச் சாத்தும்போது 'டப்'பென்று ஒரு கனமான சத்தம் வரும், அதற்காகவே இன்னொரு தடவை திறந்து மூடலாம். 1.0 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், 110 குதிரைத்திறன். மிதித்தால் பாய்கிறது. வடசேரி நெரிசலில் ஸ்டீயரிங் அவ்வளவு லேசு.

ஆனால் முப்பந்தல் காற்றாலைகள் கண்ணில் பட்டதும் என் மனசு புன்டோவைத் தேடியது. கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அறையும் இடம் அது. புன்டோ எடை கூடின வண்டி, அதில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். காற்று எவ்வளவு தள்ளுகிறது, டயர் ரோட்டை எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் உள்ளங்கையிலேயே தெரியும். 1.3 மல்டிஜெட் டீசல் ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தம்தான், சரி. டர்போ பிடித்துவிட்டால் மூன்றாவது கியரிலேயே ஏற்றத்தை இழுத்துவிடும். ஸ்விஃப்ட் டீசலில் ஓடியதும் இதே எஞ்சின்தான்.

அப்புறம் அந்த முகம்! இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகும்போது, நீண்டு கிடக்கும் அந்த ஹெட்லைட்டுகளை இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது, போலோவும் 2022இல் நின்றுவிட்டது. இரண்டுமே இனிப் புதிதாகக் கிடைக்காது.

புன்டோ சாவியைத் திருப்பித் தரும்போது அண்ணன் சொன்னார்: "லே, இத மட்டும் வித்துராத."