கடிகாரம் சொன்னது வேறு

மென்பொருள் குழுவுக்குக் கோட் எழுதித்தரும் ஏஐ கருவி வாங்கலாமா என்று பேச்சு எழும்போது, 2025 ஜூலையில் மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு வெளியிட்ட கட்டுரையை எடுத்துப் படிக்கலாம். ஓப்பன் சோர்ஸ், அதாவது கோட் பொதுவில் திறந்திருக்கும் மென்பொருள் எழுதும் கைதேர்ந்த டெவலப்பர்கள் 16 பேர், வேலைகள் 246. எல்லாமே அவரவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் ரிப்போவில் (ஒரு மென்பொருளின் கோட் முழுவதும் இருக்கும் சேமிப்பிடம்) உள்ளவை. எந்த வேலைக்கு ஏஐ, எதற்கு வெறுங்கை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. தொடங்குமுன் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்றார்கள். முடித்தபிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பினார்கள். அளந்து பார்த்தால் ஏஐ வைத்துச் செய்த வேலைகளுக்கு 19 சதவீத நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தது.

இதை வைத்துக் கருவியே வீண் என்பது அவசரம். கோபைலட் என்ற கோட் எழுதும் ஏஐ கருவியைப் பற்றி 2023இல் வந்த ஆய்வில் 95 பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு எச்டிடிபி சர்வரை (இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்) புதிதாக எழுதும் வேலை. கருவி வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் வேகமாக முடித்தார்கள். காலி மனையில் வீடு கட்டுவதும், ஆள் குடியிருக்கும் வீட்டில் சுவரை இடித்துக் கட்டுவதும் ஒன்றா என்ன?

குடியிருக்கும் வீட்டின் சிக்கலை டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985லேயே எழுதிவிட்டார். ஒரு குழு எழுதிய கம்பைலரை (கோடைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) இன்னொரு குழு விரிவாக்க எடுத்துக்கொண்டது. கோட், ஆவணம் எல்லாம் கையில் இருந்தன. ஆனாலும் அவர்கள் முன்வைத்த மாற்றங்கள் பழைய வடிவமைப்பின் பலத்தையே குலைக்கும் ஒட்டுவேலைகளாக இருந்தன. எழுதியவர்களுக்குத்தான் அது சட்டென்று தெரிந்தது. ஏஐயும் அந்த இரண்டாம் குழுதான். கோட் முழுவதையும் படிக்கும். ஏன் அப்படி எழுதினார்கள் என்பது அதில் பாதிகூட இருக்காது.

அதனால்தான் பொது உதவிக் கோட் இருக்கும் யூடில்ஸில் ஏற்கெனவே உள்ள ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) இன்னொரு பெயரில் மறுபடி எழுதிவைக்கும். நிரல் ஓடும்போது எழும் பிழை அறிவிப்பான எக்ஸெப்ஷனைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கும். கோடைப் பார்த்தே, அதைச் சோதிக்கும் டெஸ்டையும் எழுதுவதால் இரண்டிலும் ஒரே தப்பு இருக்கும், டெஸ்ட் பச்சையாகவே, அதாவது எல்லாம் சரி என்றே காட்டும். இல்லாத பேக்கேஜ் (பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்தக் கோட்) பெயரையும் கூசாமல் சொல்லும்; அந்தப் பெயரை யாராவது முந்திப் பதிந்து வைரஸ் போட்டுவைத்தால், இன்ஸ்டால் செய்தவர் கதி அவ்வளவுதான்.

ஒருவர் தந்த கோடை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூதான் இன்று இடறும் இடம். சிஸ்கோவில் நடந்த பழைய ஆய்வு, ஒரே அமர்வில் 200 முதல் 400 வரி கோட் வரைதான் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்றது. தானாகவே வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட் ஒரே மூச்சில் 1,000 வரி கொட்டினால், பார்ப்பவர் கண்ணை ஓட்டிவிட்டு ‘ஓகே’ போடுவார். முதலில் திட்டத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். காலி உள்ளீடு, மிகப் பெரிய எண் போன்ற எல்லை நிலைகளுக்கான டெஸ்டை மனிதர் எழுதட்டும். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) 300 வரி தாண்டினால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அளவையும் உங்கள் ரிப்போவிலேயே எடுங்கள். டிக்கெட்டை (வேலைக் குறிப்பு) எடுக்கும்போது ஆகும் என்று மதிப்பிட்ட நேரம், மாற்றம் மெர்ஜ் ஆகி மூலக் கோடில் சேர்ந்தபோது உண்மையில் ஆன நேரம், அடுத்த இரண்டு வாரத்தில் அதே இடத்தில் எத்தனை திருத்தம். இந்த மூன்றாவதைத்தான் யாரும் எழுதிவைப்பதில்லை.