அட்டைப் பெட்டி பாக்கிக்கு வணிக நீதிமன்றம் போன அனுபவம்

2025 நவம்பரில் என் வங்கிக் கணக்கில் 18 லட்சத்துச் சொச்சம் வரவானது. 2022 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒரு நிறுவனத்துக்கு நான் அனுப்பிய அட்டைப் பெட்டிகளுக்கான பணம் அது. அசல் 14,62,000 ரூபாய். மீதி வட்டியும் வழக்குச் செலவும். குறுஞ்செய்தியை மூன்று முறை படித்தேன். நிம்மதிதான், ஆனாலும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வக்கீல் நோட்டீஸ், வக்காலத்து, வாய்தா எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் இடறிய இடங்களை மட்டும் எழுதுகிறேன். இதே வரிசையில் நிற்கும் யாராவது ஒருவருக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும்.

முதல் இடறல், உத்யம் பதிவு. சிறு தொழில்கள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் பதிவு அது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளித் தள்ளி 2023 மார்ச்சில்தான் பதிவு செய்தேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006 நமக்குக் கையில் கொடுத்திருக்கும் ஆயுதம் சாதாரணமானதல்ல. எத்தனை நாள் கடன் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்கு, சமாதான் என்ற அரசு இணையதளத்தில் அப்போது வீட்டிலிருந்தே மனுப் போட முடிந்தது. போட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, சரக்கு போன நாளில் உங்களுக்குப் பதிவு இல்லை என்று மனு திரும்பி வந்தது. பதிவுக்கு முன்னால் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லியிருந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பதிவுக்குக் கட்டணம் இல்லை. அரை மணி நேர வேலை. இன்னும் செய்யாதவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அடுத்து வணிக நீதிமன்றம். 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறந்திருந்தது. 2018 திருத்தம் அந்த வரம்பை மூன்று லட்சமாக இறக்கியதால்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே போக முடிகிறது. 2024 மார்ச்சில் பிராதுக் கட்டோடு (வழக்கு மனுவும் ஆவணங்களும்) நானும் வக்கீலின் குமாஸ்தாவும் தாக்கல் கவுன்டரில் நின்றோம். அங்கிருந்த எழுத்தர் கட்டைப் பிரித்து, கடைசித் தாள் வரை கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தள்ளினார். என்ன குறை என்று கேட்டதற்கு, "வக்கீலுக்குத் தெரியும்" என்ற இரண்டு சொல்தான் பதில். அன்று 140 கிலோமீட்டர் பஸ் பயணம் வீண்.

வக்கீலைக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவசர இடைக்கால உத்தரவு எதையும் கேட்காத வணிக வழக்கில், முதலில் சமரசத்துக்குப் போய் வந்ததற்கான அறிக்கை வேண்டும். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. அது கட்டாயம் என்றும், இல்லாவிட்டால் பிராது நிராகரிக்கப்படும் என்றும் 2022 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்தப் பென்சில் வட்டத்தோடு இந்த ஒரு வரியையும் எழுத்தர் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். சொல்ல வேண்டியது அவர் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

சமரச மனு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போட வேண்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய். நான் டிமாண்ட் டிராஃப்டை நீதிமன்றத்தின் பெயரில் எடுத்துக்கொண்டு போனேன். ஆணைக்குழுவின் பெயரில் இருக்க வேண்டுமாம். அதற்கு இன்னொரு நடை. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போயிற்று, வரவில்லை. இறுதி நோட்டீஸ் போயிற்று, அதற்கும் வரவில்லை. சமரசம் தொடங்கவே இல்லை என்று அறிக்கை தந்துவிட்டார்கள். இந்த இடத்தில் பதற்றப்பட வேண்டாம். பணப் பாக்கி வழக்குக்கு மூன்று வருடம்தான் காலவரம்பு என்றாலும், சமரசத்தில் கழிந்த நாட்கள் அதில் கணக்கில் சேராது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று, கட்டினோம். 2024 ஜூலையில் மறுபடி தாக்கல். இந்த முறை வாட்ஸ்அப் தாள்களில் மாட்டிக்கொண்டோம். "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம், கொஞ்சம் பொறுங்கள் அண்ணே" என்று அவர்கள் கணக்குப் பிரிவிலிருந்து வந்த செய்திகள்தான் என் முக்கியமான சாட்சி. அவற்றை அச்செடுத்து, மின்னணு ஆவணங்களுக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழையும் வைத்திருந்தோம். ஆனால் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்திருந்தது. புதிய சான்றிதழில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் நாம் கையெழுத்திட வேண்டும். இரண்டாவதில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். அந்த நிபுணரைத் தேடி அலைந்ததில் மூன்று வாரம் போயிற்று. தயவுசெய்து பழைய கைபேசியை மாற்றிவிடாதீர்கள், உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்தக் கைபேசி என்னிடம் இருந்ததால்தான் அந்தச் செய்திகளைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய முடிந்தது.

சம்மன் இரண்டு முறை "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பியது. மூன்றாம் முறை, 2024 அக்டோபர் 8ஆம் தேதி, சேர்ந்தது. அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வணிக வழக்கில் எதிருரைக்கு, அதாவது எதிர்த் தரப்பு எழுத்தில் தரும் பதிலுக்கு, சம்மன் சேர்ந்ததிலிருந்து 30 நாள். காரணம் சொல்லிக் கேட்டால் 120 நாள் வரை நீளும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. சாதாரண சிவில் வழக்கில் இந்தக் கண்டிப்பு இல்லை. 2025 பிப்ரவரி 17ஆம் தேதி எதிர்த் தரப்பு வக்கீல் எதிருரையோடு வந்து நின்றார். நான் நாட்களை எண்ணி வைத்திருந்தேன், 132ஆவது நாள். நீதிபதி சம்மன் சேர்ந்த தேதியைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார், "காலம் கடந்துவிட்டது, எடுக்க இயலாது" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தார். முழு வழக்கிலும் நான் மனதார மகிழ்ந்த நாள் அதுதான். சட்டத்தில் எழுதிய கெடு, எழுதியபடியே நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. நீதிபதி மாற்றலாகிப் போனார். நான்கு மாதம் இருக்கை காலி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன், அடுத்த தேதியை எழுதிக்கொண்டு வருவேன். அந்த நான்கு மாதத்தில்தான் இந்தத் தாமதம் என்னிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2022 நவம்பரில் அட்டையில் அச்சிட்டு வெட்டும் ஒரு பிரிண்டர் ஸ்லாட்டர் இயந்திரத்துக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தேன். மீதியைக் கட்ட முடியாமல் ஒரு லட்சம் போயிற்று. இயந்திரம் வந்திருந்தால் இரவு ஷிப்டுக்கு நான்கு பேரைச் சேர்ப்பதாக இருந்தேன், சேர்க்கவில்லை. புதிதாக வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் முழுப்பணமும் முன்னால் தந்தால்தான் சரக்கு என்றேன், இருவரும் போய்விட்டார்கள். பழையவர்களுக்கும் ஒரு பெட்டிக்கு நாற்பது காசு ஏற்றினேன், நாளைக்கு யாராவது பாக்கி வைத்தால் என்ற பயத்துக்காக. நீதிமன்றத்தில் ஆகும் தாமதம் இப்படித்தான் விலையில் ஏறுகிறது. அதைக் கொடுப்பது நாணயமான வாடிக்கையாளர்.

உலக வங்கி தன் 2020ஆம் ஆண்டுத் தொழில் சூழல் அறிக்கையில், ஒப்பந்தங்களை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிப் பெறுவதில் இந்தியாவுக்கு 163ஆம் இடம் கொடுத்திருந்தது. மும்பை, தில்லி இரண்டையும் வைத்து எடுத்த கணக்கில் ஒரு வணிக வழக்குக்கு 1,445 நாள். சிங்கப்பூரில் 164 நாள். அந்த அறிக்கை வரிசையே பிறகு நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் கணக்கு முறையைப் பற்றி வாதங்கள் உண்டு. நம் அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையோ, கீழ் நீதிமன்றங்களைப் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பிலேயே 'மாத்ஸ்ய நியாயம்' என்ற சொல்லை வைத்தது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை. காலி நீதிபதி இடங்களை நிரப்புவதே முக்கியத் தீர்வு என்று அந்த அத்தியாயம் எழுதியது. காலி இருக்கைக்கு எதிரே நான்கு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அது முழுக்க உண்மை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பில்லில் அச்சிட்டிருந்த வட்டி 18 சதவீதம், கிடைத்தது 9. மேல்முறையீடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு தனி. ஆறு மாதத்துக்குள் அதை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் அசையும் சொத்தை ஜப்தி செய்யக் கேட்டோம். ஜப்தி செய்யும் நீதிமன்ற ஊழியரான அமீனாவோடு அவர்கள் கிடங்குக்குப் போனேன். நான் அனுப்பிய பெட்டிகளில் சில இன்னும் மூலையில் அடுக்கியிருந்தன, என் தொழிற்சாலை முத்திரையோடு. ஒவ்வொரு இயந்திரத்திலும் வங்கிக்கு அடமானம் என்று தகடு அடித்திருந்தது. அமீனா அதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, "இதில் கை வைக்க முடியாது சார்" என்றார். வெறுங்கையோடு திரும்பினோம்.

அந்த இரவு பழைய கோப்புகளைப் புரட்டியபோது, அவர்கள் 2021இல் கொடுத்த ஒரு காசோலையின் ஒளிநகல் கிடைத்தது. கணக்கு எண், கிளை, எல்லாம் தெளிவாக இருந்தது. அடுத்த மனு அந்த வங்கிக் கணக்கின் மீது. உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் முழுத் தொகையும் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது. அங்கிருந்து எடுக்க இன்னொரு மனு. அதையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். வாடிக்கையாளர் தரும் முதல் காசோலையை ஒளிநகல் எடுக்காமல் வங்கியில் போடாதீர்கள்.

சென்ற வாரம் ஒரு மசாலாத் தூள் நிறுவனம் 30 நாள் கடனுக்குப் பெட்டி கேட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சரி என்றேன். கொள்முதல் ஆணையில் கெடு தேதி, வட்டி விகிதம், எந்த ஊர் நீதிமன்றம் என்ற மூன்றையும் எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கிய பிறகு வண்டியை அனுப்பினேன். பிரிண்டர் ஸ்லாட்டருக்கும் மறுபடி விலைப்புள்ளி கேட்டிருந்தேன். 2022இல் சொன்னதைவிட மூன்று லட்சம் கூடுதலாக வந்திருக்கிறது. இந்த முறை முன்பணத்தைக் கட்டிவிட்டேன்.