சத்தம் குறைந்த வீட்டுக் கணினிக்கு ஒரு வாட் கணக்கு

என் மேசைக் கணினியில் நான் வேலை செய்வது பெரும்பாலும் இரவில்தான். அதனால் அதன் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் மாற்ற முடிவு செய்தபோது, எது எவ்வளவு வேகம் என்பதோடு எது எவ்வளவு இரையும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பெட்டியின்மேல் கோர்களின் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் நினைவகத்தின் அளவும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. இரைச்சலைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. ஆனால் விவரக்குறிப்பின் ஓரத்தில் வாட் என்று ஓர் எண் இருக்கும். குறைந்த செலவில் அமைதியான கணினி வேண்டும் என்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பது என் கருத்து.

காரணம் எளிது. பிராசஸர் வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அது 65 வாட் வாங்கினால், 65 வாட் வெப்பத்தை ஒரு விசிறி ஹீட்சிங்கிலிருந்து (பிராசஸரின்மேல் அமரும் உலோக வெப்பத் தட்டுகளிலிருந்து) பிரித்தெடுக்க வேண்டும், இன்னொரு விசிறி அதைக் கேபினட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். விசிறி நகர்த்தும் காற்று அதன் சுழற்சி வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. இரைச்சலோ அதைவிட மிக விரைவாக ஏறுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான விசிறிக் கணக்கின்படி, வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுமார் 5 டெசிபலும், பாதியாக்கினால் சுமார் 15 டெசிபலும் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு அது பாதிச் சத்தமாகத் தோன்றும். இன்னொரு பக்கம், ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்து ஓடும்போது சத்தம் 3 டெசிபல்தான் கூடுகிறது. ஆகவே ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதை விட்டு, அதே போன்ற இரண்டை அரை வேகத்தில் ஓட்டினால், தோராயமாக அதே அளவு காற்று கிடைப்பதோடு சத்தமும் சுமார் 12 டெசிபல் இறங்கிவிடும். வெப்பத்தைச் சற்றே குறைத்தாலும், காற்றை இன்னும் பெரிய பரப்பில் மெதுவாக நகர்த்தினாலும், அந்தச் சிறு மாற்றம் காதுக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

பிராசஸரைத் தேர்வதற்கு முன் மதர்போர்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்ற நேர்ந்தால் சிக்கனம் என்ற பேச்சே அங்கு முடிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் பொருத்தி) வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசஸர்களுக்காக வந்த பி350 போர்டுகளில் பலவும், பயாஸைப் (போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளைப்) புதுப்பித்தால், 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் புதுப்பித்தலைப் பழைய பிராசஸர் பொருந்தியிருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திய பிறகு திரையே வராமல் போகலாம். இன்டெல் பக்கம் நிலைமை வேறு. அங்கு சாக்கெட்டின் பெயரை நம்பவும் முடியாது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசஸர்களும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசஸர்களும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில் உட்காருகின்றன, ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது வேலை செய்யாது. போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள பிராசஸர் பட்டியலில், நம்முடைய போர்டின் பெயரையும் அதன் திருத்த எண்ணையும் வைத்துத் தேடிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

அடுத்ததாக அந்த வாட் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிடிபி (வெப்ப வெளியீட்டுக்கான குறிப்பு அளவு) 65 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்4 ரைசன், முழுச் சுமையில் 88 வாட் வரை எடுக்க அனுமதி பெற்றது; 105 வாட் என்று குறிக்கப்பட்டது 142 வாட் வரை போகும். இன்டெல்லின் ஐ5-12400-க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். ஐ3-12100-க்கு 60 வாட், 89 வாட். கூலரை (ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்த அமைப்பை) முதல் எண்ணுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தவருக்கு இரண்டாம் எண் விசிறியின் ஊளையாகக் கேட்கும். என் போன்ற உபயோகத்துக்கு, அதாவது உலாவி, எழுத்து, அவ்வப்போது காணொளித் தொகுப்பு, சில விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு, ஆறு கோர்களும் 65 வாட் குறியும் உள்ள பிராசஸரே போதுமானது. எட்டு கோர் தேவைப்படுவோர் 105 வாட் ரைசன் 7 5800எக்ஸை விட்டுவிட்டு 65 வாட் 5700எக்ஸை எடுக்கலாம்; கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் அந்தக் கூடுதல் வாட்டில் பெரும்பகுதி செலவாகிறது. ஏற்கெனவே 5800எக்ஸ் கையில் இருந்தால், ஈகோ மோடு என்ற அமைப்பில் அதையும் 65 வாட் வரம்புக்குள் அடக்கிவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்ற கேள்வியையும் இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இல்லாத கார்டைப் போல் அமைதியான கார்டு வேறில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே வேகா கிராபிக்ஸ் கொண்ட பிராசஸர்கள் அன்றாட வேலைக்கும் எளிய விளையாட்டுகளுக்கும் போதும். ஆனால் பிறகு ஒரு கார்டு சேர்க்கும் எண்ணம் இருந்தால் 5600ஜி சரியான படிக்கட்டு அன்று. 5600-இல் 32 எம்பி ஆக இருக்கும் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அதில் 16 எம்பிதான், கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பணம் மிஞ்சினால் பிராசஸரில் ஒரு படி ஏறுவதைவிடக் கூலரில் ஒரு படி ஏறுங்கள் என்றே நான் சொல்வேன். பிராசஸரோடு சேர்ந்து வரும் சிறிய கூலர், பிராசஸரைக் காப்பாற்றுவதற்குப் போதுமானதே தவிர, காதைக் காப்பாற்றுவதற்குப் போதுமானதன்று. அலுமினியத் தட்டுகளும் நான்கு வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட எளிய கோபுரக் கூலர் ஒன்று, 88 வாட்டை நிமிடத்துக்கு ஆயிரத்துக்குச் சற்று முன்பின்னான சுற்றுகளில் சமாளித்துவிடும். வாங்கும் முன் அதன் உயரம் கேபினட்டுக்குள் அடங்குமா, ரேமின் மேல் இடிக்குமா என்ற இரண்டையும் அளந்துகொள்ள வேண்டும். பொருத்திய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரைசன் 5000 வரிசையில் ஒரு சிறு சில்லுக்குள் வெப்பம் குவிவதால், உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே வெப்பநிலை கண நேரத்தில் எகிறி இறங்கும். விசிறியும் அதைப் பின்தொடர்ந்து உறுமி அடங்கும். நிலையான மெல்லிய இரைச்சலைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறது, ஏறி இறங்கும் சத்தத்தை மறப்பதில்லை. பயாஸில் விசிறி எதிர்வினை காட்டுவதற்குச் சில நொடித் தாமதம் வைத்து, 60 பாகை செல்சியஸ் வரை வேகத்தைக் கிட்டத்தட்டச் சமமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

இனி கிராபிக்ஸ் கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் சொருகு 75 வாட் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி மின் இணைப்பு வேண்டியதில்லை, பழைய பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியதில்லை. ரேடியான் ஆர்எக்ஸ் 6400 எடுப்பது 53 வாட், ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட், 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 எடுப்பது 70 வாட். இதே ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022-இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும். அதில் கோர்களும் அதிகம், நினைவகப் பாதையும் அகலம். இரண்டு வெவ்வேறு கார்டுகளுக்கு ஒரே பெயரைச் சூட்டும் அளவுக்கு எண்களுக்கு என்ன பஞ்சமோ தெரியவில்லை. 75 வாட் எல்லைக்குள் விசிறியே இல்லாத கார்டுகளும் உண்டு; பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் வரிசை அத்தகையது. ஆனால் விசிறி இல்லாத கார்டின் வெப்பமும் எங்கேயாவது போயாக வேண்டும், ஆகவே கேபினட்டில் மெதுவாக ஓடும் ஒரு விசிறியாவது அதன்மேல் காற்றை நகர்த்த வேண்டும்.

இவ்வளவு நேரம் வாட்டைப் பற்றியே பேசிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம்: மிகக் குறைந்த வாட் கார்டுதான் மிக அமைதியான கார்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மலிவான 75 வாட் கார்டுகள் பலவற்றில் இருப்பது சிறிய அலுமினியக் கட்டியும் ஒற்றைச் சிறு விசிறியும்தான். அவற்றில் சில, வேலை இல்லாதபோதும் விசிறியை நிறுத்துவதில்லை. 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600 அல்லது 115 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060, நீளமான ஹீட்சிங்கும் இரண்டு பெரிய விசிறிகளும் கொண்ட வடிவில் வந்தால், திரையில் எழுதிக்கொண்டிருக்கும்போது விசிறிகள் முற்றிலும் நின்றுவிடும், விளையாடும்போதும் மெதுவாகவே சுழலும். எனவே வாட்டை, அதை வெளியேற்றும் ஹீட்சிங்கின் பருமனோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே சில்லைப் பல நிறுவனங்கள் பலவிதக் கூலர்களோடு விற்கும்போது, சுமையின்போது விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை அளந்து எழுதும் விமர்சனங்களே எனக்கு அதிகம் உதவுகின்றன. டெசிபல் எண்ணை ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்திலிருந்து அளப்பதால், இருவர் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்ற ஆசை வரும்போதும் இதே கணக்குதான். 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580 எடுப்பது 185 வாட். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 அதைவிட 53 வாட் குறைவாக எடுத்துக்கொண்டு வேகத்தில் அதை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளுகிறது. கைமாறிய கார்டில், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கும், விசிறியின் தாங்கி (பேரிங்) தேய்ந்திருக்கும். முதலாவதைப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், இரண்டாவதற்கு அந்த மாடலுக்கு உரிய விசிறியைத் தேடி அலைய வேண்டும்.

ஆர்எக்ஸ் 6400-ஐப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. அது போர்டோடு நான்கு பாதைகளில் மட்டுமே பேசுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் போர்டில் அது பெரிய குறை இல்லை, மூன்றாம் தலைமுறைப் போர்டில் வேகம் உணரும்படி குறையும். சிக்கனமாக மேம்படுத்துபவரிடம் இருப்பது பெரும்பாலும் அந்த மூன்றாம் தலைமுறைப் போர்டுதான். மேலும், காணொளியைக் குறியேற்றம் செய்யும் (சுருக்கிச் சேமிக்கும்) பகுதியும், ஏவி1 என்ற வடிவத்தில் சுருக்கிய காணொளியைப் பிரித்துக் காட்டும் பகுதியும் அதில் இல்லை. இந்தக் கடைசிக் குறை அமைதியோடு நேரடித் தொடர்புடையது. கார்டு பிரித்துத் தராத காணொளியைப் பிராசஸர்தான் பிரித்தாக வேண்டும். இணையத்தில் ஒரு படம் பார்க்கும் நேரம் முழுவதும் பிராசஸரின் விசிறி காரணமில்லாமல் இரைவதாக நினைப்பவர்கள், தங்கள் கார்டு அந்தக் காணொளி வடிவத்தை அறியுமா என்று பார்க்க வேண்டும்.

கார்டை வாங்கிய பிறகு மென்பொருளில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சில்லு உண்ணும் மின்திறன், அது இயங்கும் அதிர்வெண்ணுக்கு (கிகாஹெர்ட்ஸுக்கு) நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். ஆகவே அதிர்வெண்ணைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் அந்தச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். எல்லாச் சில்லும் இதைத் தாங்காது என்பதால், சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சுமை கொடுத்துச் சோதிக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் மின்திறன் வரம்பைச் சற்று இறக்கிவிட்டால் போதும். அதைவிடவும் எளிதானது, விளையாட்டின் சட்ட வேகத்துக்கு (நொடிக்கு வரையும் படச் சட்டங்களின் எண்ணிக்கைக்கு) உச்சவரம்பு வைப்பது. நொடிக்கு 60 சட்டங்கள் காட்டும் திரைக்கு 140 சட்டங்கள் வரைந்து தருவதால் கிடைப்பது வெப்பமும் இரைச்சலும்தான். வரம்பு இல்லாத சில விளையாட்டுகளில், ஒன்றும் நடக்காத தொடக்கத் திரையிலேயே கார்டு முழு மூச்சில் ஓடும்.

கேபினட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்டதைவிட வலைக்கண் கொண்டதே நல்லது, ஏனென்றால் உள்ளே காற்று எளிதாக வந்தால் எல்லா விசிறிகளும் மெதுவாகச் சுற்றலாம். மூன்று ஊசி இணைப்புள்ள விசிறியை வைத்துக்கொண்டு பயாஸில் பிடபிள்யூஎம் (நான்கு ஊசி விசிறிகளுக்கான முறை) என்று அமைத்திருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும்; அதை டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை) என்று மாற்ற வேண்டும். விசிறிகள் அடங்கிய பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கின் முனகல் முதன்முறையாகக் கேட்கத் தொடங்கும், அதற்கு எஸ்எஸ்டிதான் மருந்து.

இத்தனைக்குப் பிறகும் சில கார்டுகளில், சுமையின்போது கொசு ரீங்காரம் போன்ற ஓர் உயர்ந்த ஒலி கேட்கலாம். அது விசிறியின் சத்தமன்று. கார்டில் உள்ள மின்சுருள்கள் மின்னோட்டத்துக்கு ஏற்ப அதிர்வதால் வருவது, ஒரே மாடலில் ஒரு கார்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சட்ட வேகத்துக்கு வரம்பு வைத்தால் பல வேளைகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அதைச் சரிசெய்ய வீட்டில் வழியில்லை என்பதால், கார்டு வந்தவுடன், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள்ளாகவே, கேபினட்டை மூடி, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.