உருகிய முகத்தை மீண்டும் கேட்டபோது

ஆங்கிலேய ராக் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1980-இல் வெளியிட்ட மூன்றாவது தனி இசைத்தொகுப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் சென்ற வாரம் முழுமையாகக் கேட்டேன். ஜெனிசிஸ் என்ற ராக் இசைக்குழுவிலிருந்து 1975-இல் விலகிய அவர், தம் பெயரையே தலைப்பாக வைத்த தொகுப்புகளில் ஒன்று இது. அட்டையில் பாதி முகம் உருகி வழிவதால் ரசிகர்கள் இதை 'உருகல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கிறார்கள்.

இளமையில் கேட்டபோது என்னை மிரட்டியது முதல் பாடலின் முரசொலி. டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்கம். தொகுப்பு முழுவதிலும் சிம்பல் எனப்படும் உலோகத் தட்டுகளே கூடாது என்று கேப்ரியல் விதித்திருந்தார். அந்தத் தட்டுகளின் நீண்ட கலகலப்பு இல்லாததால், ஒவ்வோர் அடியும் பெரிய கூடத்தில் எழுவதுபோலப் பெருகி, எதிரொலி அடங்குவதற்குள் கத்தரித்தாற்போல் நின்றுவிடுவது தெளிவாகக் கேட்கிறது. எண்பதுகளின் எத்தனையோ பாடல்கள் இந்த ஒலியைக் கடன் வாங்கித் தேய்த்துவிட்டன. ஆனால் இங்கே, வீட்டுக்குள் நுழையும் அந்நியனின் குரலோடு சேர்கையில், அது இன்றும் புதிதாகவே அச்சுறுத்துகிறது.

பாடகி கேட் புஷ்ஷின் பின்னணிக் குரலும் அழகுதான். எனினும் அன்று நான் பொறுமையின்றித் தாண்டிச் சென்ற இறுதிப் பாடலே இம்முறை என்னை உலுக்கியது. 1977 செப்டம்பரில் காவலில் உயிரிழந்த தென்னாப்பிரிக்கப் போராளி ஸ்டீவ் பைக்கோவுக்கான அஞ்சலி அது. மெதுவாக நடக்கும் முரசும் கூட்டுக்குரலும் ஓய்ந்தபின் அறையில் நெடுநேரம் விளக்கேற்றாமல் அமர்ந்திருந்தேன்.