ஐந்தாம் மேசை

மும்பையில் உடற்கூறியல் கற்றுக்கொடுக்க வந்து பதினான்கு வருடமாகிறது. ஜூலை மழைக்கு, பிணங்களை அறுத்துப் பாடம் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால் ஜன்னல்களைச் சாத்திவிட்டால் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். அப்படி ஒரு மதியம், ஐந்தாம் மேசையிலிருந்து ஒரு மாணவன் வந்து நின்றான். மாட்டுங்கா பையன். மற்றவர் காதில் விழக் கூடாத விஷயமென்றால் மட்டும் என்னிடம் தமிழில் பேசுவான்.

"சார், எஸ்எம்ஏவை அறுத்துட்டேன்னு நினைக்கிறேன்."

வயிற்றுப் பெருந்தமனியின் முன்பக்கம், மேலே சீலியாக் தண்டு. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் அதிலிருந்துதான் கிளை பிரியும். 1756-இல் ஹாலர் என்ற உடற்கூறியலாளர் எழுதிவைத்த முக்காலி. சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே, குடலுக்குப் போகும் சுப்பீரியர் மெசன்ட்ரிக் தமனி, அதாவது எஸ்எம்ஏ. அது இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று கிடந்தது. கத்தரிக்கோல் பிடித்தவன் இவன். பழியும் தன்மேல்தான் என்று முடிவுகட்டிவிட்டான்.

ஹாலில் உதவிக்கு இருக்கும் அண்ணாச்சி தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி. ஈரப் பஞ்சால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்தார்.

"அறுத்திருந்தா ஓட்டை இருக்கணும்லா தம்பி?"

ஓட்டை இல்லை. ஆனால் சீலியாக் தண்டு வழக்கத்தைவிடத் தடித்திருந்தது. கணையத்தை மெல்ல ஒதுக்கிப் பார்த்தால், அதே தண்டிலிருந்து ஒரு பெரிய கிளை கீழே வளைந்து குடலுக்கு இறங்கியது. இரண்டு தமனிக்கும் ஒரே வாசல்!

நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். கருவில் பெருந்தமனியிலிருந்து குடல் பக்கமாகப் பல வேர்கள் கிளம்பும். அவற்றை நெடுக இணைக்கும் ஒரு குழாயும் உண்டு. அப்புறம் சில வேர்களும் இணைப்பின் ஒரு பகுதியும் மறைந்துவிடும். போக வேண்டிய இணைப்பு தங்கி, தங்க வேண்டிய வேர் போய்விட்டால் இப்படி ஆகும் என்பது 1904-இல் உடற்கூறியலாளர் டாண்ட்லர் சொன்ன விளக்கம். வாழ்ந்தவருக்கு இது தெரிந்தே இருக்காது. அடைப்பு வந்தால்தான் வம்பு. மற்றவர்களுக்கு சீலியாக் அடைத்தால், கணையத்தைச் சுற்றியுள்ள சிறு தமனிகள் வழியே எஸ்எம்ஏ கைகொடுக்கும். இங்கே கைகொடுக்க வேண்டியதும் அதே வாசலில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பையனின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ட்யூட்டராக இருந்த காலத்தில், சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் போன ஓர் இழையை வெறும் நார் என்று நினைத்து, வகுப்புக்கு விளக்கிக்கொண்டே கத்தரித்தேன். வெட்டுவாயில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. உபரி சிறுநீரகத் தமனி. நாலு பேரில் ஒருவருக்கு இருக்கும், அபூர்வமே இல்லை. உயிருள்ள உடம்பாக இருந்திருந்தால் அந்த முனை செத்திருக்கும், அதன் பங்குக்கு வேறு தமனி ரத்தம் தராது. நானோ துளையை விரலால் மறைத்துக்கொண்டு அடுத்த உறுப்புக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் அவனுடைய ரெக்கார்டு நோட்டு வந்தது. முக்காலி அழகாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் கீழே எஸ்எம்ஏ, தனியாக, சிவப்புப் பென்சிலில்.

"என்னப்பா இது?"

"பரீட்சைக்கு வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் பார்ப்பாங்க சார்."

சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.